மேற்கோளாட்சியும் மேற்கோள் கணக்கும்

நெய்வேலிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்துவிடும் கதை ஒன்று உண்டு. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. எந்த ஆண்டு என்று கேட்டுப் பாருங்கள். 1934 என்பார் ஒருவர், 1935 என்பார் இன்னொருவர். இரண்டும் அச்சில் இருக்கின்றன. எங்கே படித்தீர்கள் என்று மேலும் கேட்டால், ‘எல்லாரும் சொல்றதுதானே சார்’ என்று பதில் வரும். ஊரே அந்தத் துளையிலிருந்து பிறந்தது. அந்தத் துளைக்கு அடிக்குறிப்பு இல்லை.

அதற்குப் பின் நடந்தவற்றுக்குத் தடயம் உண்டு. 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இந்தப் பக்கம் துளையிட்டுப் பார்த்தது. 1956 நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி வெளிச்சத்தைப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு கோப்பு, ஓர் அறிக்கை, ஒரு கையெழுத்து இருக்கிறது. தேடினால் கிடைக்கும்.

ஒரு செய்தியை யார் சொன்னார் என்பது ஒரு கேள்வி. அவர் சொன்னதைப் பிறகு யார் யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை மேற்கோள். இரண்டாவதற்கு விடை, இப்போது கல்லூரி ஆசிரியர் அறைகளில் காலையிலிருந்து மாலைவரை பேசப்படும் ‘சைட்டேஷன்’ எண்ணிக்கை. மேற்கோள் இடும் பழக்கம் மிகப் பழையது. எண்ணும் பழக்கத்துக்கு வயது நூறுகூட நிறையவில்லை. ஆனால் பின்னால் வந்ததுதான் இன்று பதவி உயர்வையும் நிதியையும் கல்லூரியின் தரவரிசையையும் தீர்மானிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. யார் எடுத்தாண்டார், எதற்காக எடுத்தாண்டார் என்பதை விட்டுவிட்டு எத்தனை பேர் என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் அது பாதிக் கணக்கு என்பது என் கட்சி. முழுக் கணக்கு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அதற்கு வருவதற்கு முன் சுரங்கத்துக்குள் ஒருமுறை இறங்க வேண்டும்.

தென்னார்க்காடு என்று தேட வேண்டும்

நம் ஊர்க் கரி எந்தக் காட்டிலிருந்து வந்தது? கரியில் சிக்கியிருக்கும் மகரந்தத் தூளை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் துறை ஒன்று இருக்கிறது. லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி தொல்தாவரவியல் நிறுவனத்தின் ‘பேலியோபாட்டனிஸ்ட்’ இதழில் ஜி.கே.பி. நவலே 1960-களின் தொடக்கத்தில் நெய்வேலிக் கரியின் மகரந்தங்களைப் பற்றி எழுதினார். 1966-இல் சி.ஜி.கே. ராமானுஜம், பாரிஸிலிருந்து வந்துகொண்டிருந்த ‘போலன் எ ஸ்போர்’ இதழில் ஐம்பது பக்கத்துக்கும் மேல் நீளும் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1992-இல் லக்னோ ஆய்வாளர்கள் நால்வர், நவலேயும் அவர்களில் ஒருவர், நிலக்கரி நிலவியலுக்கான பன்னாட்டு இதழில் நெய்வேலிப் படிவுகளின் ஆக்கம், வயது, படிந்த முறை எல்லாவற்றையும் சேர்த்து எழுதினார்கள். இந்தக் கரி மயோசீன் காலத்ததா, அதற்கும் முந்தைய ஈயோசீன் காலத்ததா என்ற வழக்கு இடையிடையே எழுந்தது. மகரந்தம்தான் அந்த வழக்கின் சாட்சி.

இப்போது இணையத்தில் ஒரு மாணவி ‘நெய்வேலி’ என்று தட்டித் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நவலே கிடைப்பார், 1992-ஆம் ஆண்டுக் கட்டுரை கிடைக்கும். ராமானுஜம் கிடைக்கமாட்டார். ஏனென்றால் அவர் தலைப்பில் நெய்வேலி என்ற சொல்லே இல்லை. ‘சென்னை மாநிலம், தென்னார்க்காடு மாவட்டம்’ என்று போட்டிருக்கிறார். அன்று மாநிலத்தின் பெயர் அதுதான். 1993-இல் தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்தது. நெய்வேலி கடலூர் மாவட்டத்தோடு போனது. பெயர் மாறியது, மாவட்டம் மாறியது, கரி மாறவில்லை. சொல்லை வைத்துத் தேடுபவருக்கு அது மறைந்துவிட்டது.

ஆனால் பிற்கால நெய்வேலிக் கட்டுரை ஒன்றின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், சான்றுப் பட்டியலில் பெரும்பாலும் ராமானுஜம் பெயர் இருக்கும். தலைப்புக் கைவிட்ட இடத்தில் மேற்கோள் கைகொடுக்கிறது. பின்னோக்கிப் போவது இப்படி எளிது. முன்னோக்கிப் போவது எப்படி? ராமானுஜத்தின் கட்டுரையைக் கையில் வைத்திருப்பவர், அதற்குப் பிறகு அதைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று எப்படி அறிவார்? 1966-இல் அச்சான தாளில் 1992 எப்படி இருக்கும்?

வக்கீல்களிடமிருந்து வந்தது

இந்தக் கேள்விக்கு முதலில் விடை கண்டவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், வக்கீல்கள். ஒரு தீர்ப்பை நம்பி நீதிமன்றத்தில் எழுந்து நிற்பவருக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார். நெய்வேலியைச் சுற்றிய நிலமெடுப்பு வழக்குகளில் இழப்பீட்டுக்காக வாதாடியவர்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873-இல் இதையே ஒரு தொழிலாக்கினார். ஒவ்வொரு தீர்ப்புக்கும் கீழே, அதைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்கொண்டன என்ற பட்டியலை அச்சிட்டு விற்றார். வெறும் பட்டியல் அல்ல. ஏற்றுக்கொண்டதா, வேறுபடுத்திக் காட்டியதா, தள்ளியதா என்பதற்குக் குறியீடும் உண்டு.

ஷெப்பர்டின் நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் அடேர், 1950-களின் தொடக்கத்தில் யூஜீன் கார்ஃபீல்டு என்ற இளைஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். அறிவியலுக்கும் இப்படி ஒன்று செய்யலாமே என்றார். கார்ஃபீல்டு 1955-இல் ‘சயின்ஸ்’ இதழில் அந்த யோசனையை விரித்து எழுதினார். 1960-களின் முற்பாதியில் பிலடெல்பியாவிலிருந்து அறிவியல் மேற்கோள் அடைவின் தடித்த தொகுதிகள் வெளிவரத் தொடங்கின. 1955 கட்டுரையில் அவர் முக்கியமாகச் சொன்ன பயன் எண்ணிக்கை அல்ல என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். முழுமையற்ற, காலாவதியான, மோசடியான முடிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டுவதைத் தடுக்கலாம், ஒரு கட்டுரையை யார் மறுத்தார்கள் என்று ஆய்வாளர் உடனே பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் வாதம். அதாவது ஷெப்பர்டின் குறியீடு. ஆனால் அடைவு வளர்ந்தபோது ஏற்றதா தள்ளியதா என்ற குறியீடு போய், எண் மட்டும் நின்றது.

உ.வே.சா. செய்த அடைவு

நம்மவர் பக்கம் திரும்புவோம். தொல்காப்பியர் தமக்கு முன் இருந்தவர்களை ‘என்ப’, ‘மொழிப’ என்று வாய்க்கு வாய் சுட்டுகிறார். பெயர் சொல்லவில்லை, ஆனால் இது என் சரக்கல்ல என்று ஒப்புக்கொள்கிறார். முதனூல், வழிநூல், சார்புநூல் என்று இலக்கணம் வகுத்த மரபு, கடன் வாங்குவதை இழிவாகக் கருதவில்லை. கடனை மறைப்பதைத்தான் இழிவாகக் கருதியது. உரையாசிரியர்கள் காலத்தில் மேற்கோள் ஒரு பெரும் வெள்ளமாகிறது. யாப்பருங்கல விருத்தியை எடுத்தால் ஒவ்வொரு விதிக்கும் எடுத்துக்காட்டாகப் பாட்டுகள் குவிந்து கிடக்கும். அவற்றில் பலவற்றின் மூலநூல் இன்று இல்லை. வளையாபதி நமக்குக் கிடைப்பது பிறர் எடுத்தாண்ட செய்யுள்களாகத்தான். தகடூர் யாத்திரையும் அப்படித்தான். மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்ற முழுப் புத்தகத்தையே இப்படிப்பட்ட சிதறல்களை வைத்துத்தான் எழுதினார். மூலம் செல்லரித்துப் போனது, மேற்கோள் பிழைத்தது. இதழ்களுக்கு எண் போட்டு மதிப்பிடும் இம்பாக்ட் ஃபேக்டர் எதுவும் இல்லாத காலம் அது.

ஆனால் உரையாசிரியர்களிடம் ஒரு குறை. நச்சினார்க்கினியர் ஓரிரு அடிகளை எடுத்துக்காட்டிவிட்டு, பிறரும் இப்படிச் சொன்னார்கள் என்ற அளவில் நகர்ந்துவிடுவார். எந்த நூல், எந்தப் பாட்டு என்று சொல்வது அரிது. படித்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நூல்களைப் படித்தவர்களே அருகிப்போன காலத்தில் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க வந்த உ.வே. சாமிநாதையருக்கு அது தலைவலியாயிற்று. அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் வரும் அடிகளுக்கு ஊர்பேர் தெரியவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளில் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் கண்ணில் பட்டபோதுதான் அந்த அடிகளின் வீடு அவருக்குத் தெரிந்தது. 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. சங்க இலக்கியத்தின் மீட்பு என்று நாம் மேடையில் முழங்குகிறோமே, அதன் தொடக்கத்தில் இருந்தது அடையாளம் தெரியாத மேற்கோள்களைத் துரத்திய ஒரு மனிதரின் பிடிவாதம்.

அந்தப் பாடு பட்டவர் பிற்காலத்தில் என்ன செய்தார் என்பதுதான் சுவையானது. 1937-இல் அவர் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை எல்லாம் வந்தபின் ‘மேற்கோளாட்சி’ என்று ஒரு பகுதி. இந்தப் பாட்டின் இன்ன அடியை, இன்ன உரையாசிரியர், இன்ன நூலின் இன்ன சூத்திர உரையில், இன்ன இலக்கணத்துக்குச் சான்றாகக் காட்டினார் என்று வரிசையாக எழுதுகிறார். ஒருவர் தலைவி கூற்று என்று கொண்டதை இன்னொருவர் தோழி கூற்று என்று கொண்டிருந்தால் அதையும் பதிவு செய்கிறார். 1955-இல் கார்ஃபீல்டு கேட்டது இதைத்தான்: மூலத்தின் கீழே அதைப் பின்னால் பயன்படுத்தியவர்களின் பட்டியல், பயன்படுத்திய நோக்கத்தோடு. கணிப்பொறி இல்லை, ஓலையும் தாளும் ஒரு முதியவரின் கண்ணும்தான்.

மேற்கோளாட்சி அதிகமுள்ள பாட்டுத்தான் சிறந்த பாட்டு என்று சாமிநாதையர் எங்கும் சொல்லவில்லை. யாரும் அப்படி நினைத்ததும் இல்லை. ஓர் அசையின் வழக்குக்கு எளிதாகக் கிடைத்த எடுத்துக்காட்டு என்பதால் ஒரு பாட்டு பத்து உரைகளில் வரலாம். நெஞ்சை உருக்கும் பாட்டுக்கு ஓர் ஆட்சிகூட இல்லாமல் இருக்கலாம்.

எண்ணிக்கையின் வரலாறு

எண்ணத் தொடங்கியவர்களின் நோக்கம் குற்றமற்றது. 1927-இல் குரோஸ், குரோஸ் என்ற இருவர், சிறிய கல்லூரி ஒன்றின் நூலகம் எந்த வேதியியல் இதழ்களை வாங்கினால் காசு வீணாகாது என்று அறிய விரும்பினார்கள். அமெரிக்க வேதியியல் கழக இதழின் ஓராண்டுத் தொகுதியை எடுத்து, அதில் எந்தெந்த இதழ்கள் எத்தனை முறை சுட்டப்பட்டன என்று எண்ணினார்கள். நூலகரின் பட்ஜெட் கணக்கு, அவ்வளவுதான்.

நூலகர் என்றதும் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போகக்கூடாது. சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதம் படித்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகத்தை அளந்து பார்க்கும் ஒரு துறை வேண்டும் என்று 1948-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் சொல்லி, அதற்கு ‘லைப்ரமெட்ரி’ என்று பெயரும் வைத்தார். இருபது ஆண்டு கழித்துத்தான் மேற்கே ‘பிப்ளியோமெட்ரிக்ஸ்’ என்ற சொல் பரவியது. ரங்கநாதனின் ஐந்து விதிகளில் இதழின் தரத்துக்கு ஒரு விதியும் இல்லை; பெரும்பாலும் புத்தகத்தையும் வாசகரையும் சேர்த்து வைப்பதைப் பற்றியவை.

இம்பாக்ட் ஃபேக்டர் என்ற எண்ணும் இந்த வழியில்தான் வந்தது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளை இந்த ஆண்டு எத்தனை முறை மற்றவர்கள் சுட்டினார்கள், அதை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் என்ன வருகிறது என்பதே அது. 1975 முதல் ஆண்டுதோறும் பட்டியலாக வெளிவருகிறது. இதழுக்கான சராசரி அது. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை வைத்து ஒரு பையன் கெட்டிக்காரன் என்று சொன்னால் வாத்தியார் சிரிப்பார். ஆனால் ஆசிரியர் நேர்காணலில் அதைத்தான் செய்கிறார்கள். மேலும் இரண்டு ஆண்டு என்ற கெடு எல்லாத் துறைக்கும் பொருந்தாது. மருத்துவத்தில் இரண்டு ஆண்டில் கட்டுரை கிழடாகிவிடும். நிலவியலில் 1966 இன்னும் இளமையாக இருக்கிறது.

2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் மனிதருக்கு ஓர் எண் கொடுத்தார். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கை இறங்குவரிசையில் அடுக்குங்கள். பத்தாவது கட்டுரைக்குக் குறைந்தது பத்து மேற்கோள் இருந்து, பதினோராவதற்குப் பதினொன்று இல்லையென்றால் உங்கள் ஹெச்-இன்டெக்ஸ் பத்து. ஒரே ஒரு கட்டுரை ஆயிரம் முறை சுட்டப்பட்டிருந்தாலும் மற்றவை சோம்பிக் கிடந்தால் எண் ஏறாது. அதற்கு முந்தைய ஆண்டு, 2004-இல், மேற்கோள்களை எண்ணிக் காட்டும் ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் இணையத்தில் வந்திருந்தன. எண் பார்க்க நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை; பஸ்ஸில் நின்றபடி கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்கிறார்கள்.

எண் என்ன அளக்கிறது? உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, புரதத்தின் அளவைக் காண ஆலிவர் லௌரி குழுவினர் 1951-இல் எழுதிய செய்முறை. 2014-இல் ‘நேச்சர்’ இதழ் எண்ணியபோது மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. அது ஒரு சமையல் குறிப்புப் போன்றது. சமைப்பவரெல்லாம் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பக்கம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் தம் மாணவர்கள் இருவரோடு 1963-இல் வெளியிட்ட கட்டுரை. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று காட்டிய அந்த வரைபடம் இன்று உயிர்வேதியியல் பாடநூல்களில் ராமச்சந்திரன் வரைபடம் என்றே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோரில் எத்தனையோ பேர் மூலக் கட்டுரையைச் சான்றுப் பட்டியலில் போடுவதில்லை. பெயரே போதும் என்றாகிவிட்டது. ஒரு கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகும்போது அதன் மேற்கோள் நின்றுவிடுகிறது என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சொன்னது இதைத்தான். கிணற்றை வெட்டியவர் பெயரைச் சொல்லிக்கொண்டா தினமும் தண்ணீர் குடிக்கிறோம்?

படிக்காமலே சுட்டுவதும் நடக்கிறது. சிம்கின், ராய்சவுத்ரி என்ற கலிபோர்னியா ஆய்வாளர்கள் இருவர் 2003-இல் ஒரு குறும்பான வேலை செய்தார்கள். சான்றுப் பட்டியல்களில் வரும் அச்சுப் பிழைகளை, தவறான பக்க எண், தவறான தொகுதி எண் போன்றவற்றை, பின்தொடர்ந்தார்கள். ஒரே பிழை கட்டுரைக்குக் கட்டுரை தாவியிருந்தது. பரீட்சையில் பக்கத்துப் பையனின் தப்பையும் சேர்த்துக் காப்பியடித்தவன் மாட்டுவது போல. மூலத்தைப் படித்துச் சுட்டுபவர் சுமார் ஐந்தில் ஒருவர்தான் இருக்கக்கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. என் ஆய்வேட்டிலும் ஒரு பக்க எண் பிழை. குறிப்பட்டையில் 141-ஐ 114 என்று எழுதிவிட்டேன். பின்னால் வேறொருவர் ஆய்வேட்டில் அதே 114-ஐப் பார்த்தபோது வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பதாகைகள்

கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கல்லூரி வாசல்களில் ஒரு புதுவகை ஃபிளெக்ஸ் பலகை தொங்குகிறது. ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எம் பேராசிரியர்கள்’. ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஐயோனிடிஸ் குழு 2019 முதல் வெளியிடும் தரவிலிருந்து வருவது இது. அந்தத் தரவு, ஒருவர் தம்மையே சுட்டிக்கொள்ளும் தற்சுட்டல்களை நீக்கியும் நீக்காமலும் கணக்குக் காட்டுகிறது. பலகையில் அந்த வேறுபாட்டுக்கு இடமில்லை, புகைப்படத்துக்கு இடம் வேண்டும்.

ஏன் இந்தப் பரபரப்பு? 2016 முதல் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வருகிறது. அதில் கட்டுரை எண்ணிக்கைக்கும் மேற்கோள் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் உண்டு. கணக்கு எடுப்பது வெளிநாட்டு நிறுவனங்களின் தரவுத்தளங்களிலிருந்து. தரவரிசை ஏறினால் சேர்க்கை ஏறும், கட்டணம் ஏறும். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இத்தனை ‘ஸ்கோபஸ் பேப்பர்’ என்று இலக்கு வைக்கும் நிர்வாகங்கள் உண்டு. இலக்கு வைத்தால் இலக்கு எட்டப்படும், வழி எதுவானாலும். 2023-இல் ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்ட ஒரு புலனாய்வு, சென்னைப் பகுதியில் உள்ள ஒரு தனியார் பல்மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் அதே நிறுவனத்தின் மற்றக் கட்டுரைகள் பொருத்தமே இல்லாமல் சுட்டப்பட்டு எண்ணிக்கை வீங்கியதை விவரித்தது. அது ஒரு கல்லூரியின் கதை மட்டும் அல்ல. ‘நீ என்னைப் போடு, நான் உன்னைப் போடுகிறேன்’ என்பது மொய் எழுதுவதைப் போல நடக்கிறது. திருமண வீட்டில் மொய் நோட்டாவது பெயரோடு இருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியிருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு முன் ஆய்விதழில் கட்டுரை வந்தாக வேண்டும் என்று விதித்தது. காசுக்குப் போடும் இதழ்கள் காளான் போல முளைத்தன. அவற்றை வடிகட்ட 2018-இல் ‘கேர்’ பட்டியல் அறிவித்தது. 2022-இல் கட்டுரைக் கட்டாயத்தை நீக்கியது. 2025-இல் கேர் பட்டியலையும் கைவிட்டு, இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. வெளியே, ஆய்வை மதிப்பிடுவது பற்றி 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ அறிவிப்பும் 2015-இன் லைடன் அறிக்கையும் ஒரே பாட்டைத்தான் பாடின: எண் உதவியாக இருக்கட்டும், தீர்ப்பு மனிதருடையதாக இருக்கட்டும். கையெழுத்திட்டவர்கள் ஏராளம். நேர்காணல் அறையில் முதல் கேள்வி இன்னும் ‘உங்க ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு?’ என்பதுதான்.

தமிழ்த்துறைக்காரர் நிலை தனி. அவர் சுட்டும் நூல்கள் சென்னையிலும் சிதம்பரத்திலும் தஞ்சையிலும் அச்சானவை. அவரைச் சுட்டுபவர்களும் தமிழில் எழுதுகிறார்கள். அந்தப் புத்தகங்களும் இதழ்களும் பெரும்பாலும் அந்தத் தரவுத்தளங்களின் எல்லைக்கு வெளியே. வாழ்நாள் முழுவதும் உழைத்த ஓர் அறிஞரின் கணக்கு அங்கே சுழியம் காட்டும். மேற்கோளாட்சி என்ற சொல்லையே படைத்துப் புழங்கிய மொழிக்கு இந்தக் கதி.

எண்ணப்படாத கரி

நெய்வேலிக்கு மீண்டும் வருகிறேன். இந்த ஊர் நிற்பதற்குக் காரணமான அறிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தில் நிற்கும் நீர்த்தாங்கி உண்டு. மேல்மண்ணை அகற்றிக் கரியை நெருங்கும்போது, கீழிருந்து எழும் நீர் சுரங்கத் தளத்தையே பெயர்த்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தபடியே தோண்ட வேண்டும். எத்தனை கிணறு, எங்கே, எவ்வளவு ஆழம், எவ்வளவு இறைப்பது என்ற கணக்கு இல்லையென்றால் நெய்வேலி இல்லை. அந்த இறைப்பால் சுற்றுக் கிராமங்களின் நீர்மட்டம் என்ன ஆனது என்பது இன்றுவரை ஓயாத விவாதம். அதற்கும் இதே கணக்குத்தான் அடிப்படை. அந்தக் கணக்கின் தொடக்கம் நிலவியல் துறையின் துளைப் பதிவுகளிலும், 1950-களில் பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தயாரித்த திட்ட அறிக்கையிலும், பின்னர் நெய்வேலி நிறுவனத்தின் உள்ளறிக்கைகளிலும் இருக்கிறது. இவை எதுவும் ஆய்விதழ் அல்ல. நூலகத் துறையினர் இவற்றைச் சாம்பல் இலக்கியம் என்பார்கள். அனல்மின் நிலைய ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். சுட்டினாலும் தரவுத்தளம் எண்ணாது, ஏனென்றால் அதன் பட்டியலில் இவை இல்லை.

சாம்பலைப் பற்றியே இன்னொன்று. நெய்வேலிக் கரியின் பறக்கும் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். கருநிலக்கரிச் சாம்பலைப் போல அல்லாமல் தானே இறுகும் தன்மை கொஞ்சம் உண்டு. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சோதித்த மாணவர் அறிக்கைகள் சுற்று வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் அலமாரிகளில் தூங்குகின்றன. கரியிலிருந்து எடுக்கும் ஹியூமிக் அமிலத்தை வயலில் இட்டுப் பார்த்த ஆய்வுகள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் நடந்திருக்கின்றன. ஒரு விவசாயி அந்தப் பரிந்துரையைக் கேட்டுத் தன் நெல்லுக்குத் தெளித்தால் அது பயன்பாடு. மேற்கோள் அல்ல. ஹெச்-இன்டெக்ஸில் நெல்லுக்கு இடமில்லை.

இதைச் சரிசெய்யச் சில வழிகள் வந்திருக்கின்றன. ஆய்வேடுகளை ‘ஷோத்கங்கா’ என்ற களஞ்சியம் 2010 முதல் இணையத்தில் ஏற்றுகிறது. முன்பு சிதம்பரம் போய், நூலகர் முகம் பார்த்து, கீழ்த்தளத்தில் தூசி தட்டிப் படித்ததை இப்போது வீட்டிலிருந்தே படிக்கலாம். ஒரு மேற்கோள் மூலத்தை ஆதரிக்கிறதா மறுக்கிறதா என்று மென்பொருளால் பிரித்துக் காட்டும் முயற்சிகளும் நடக்கின்றன. ஷெப்பர்டு 1873-இல் செய்ததை, சாமிநாதையர் 1937-இல் செய்ததை, இயந்திரம் இப்போது தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இனிஷியல்

கடைசியாக, நம்மவர்களுக்கே உரிய ஒரு சங்கடம். மேற்கோள் கணக்கு முழுவதும் குடும்பப் பெயர் என்ற ஒன்றின் மேல் கட்டப்பட்டது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். வெளிநாட்டு இதழின் படிவம் கடைசிப் பெயர் என்ன என்று கேட்கும். ஒருமுறை நம் பெயரைப் போடுவோம். பாஸ்போர்ட் எடுத்தபின் அப்பா பெயரை விரித்து அங்கே போடுவோம். கல்யாணமான பெண் ஆய்வாளர் கணவர் பெயரைச் சேர்த்தால் மூன்றாவது அவதாரம். தரவுத்தளத்தின் கண்ணில் இவர்கள் வேறு வேறு ஆட்கள். எதிர்ப்பக்கம், ‘குமார் எஸ்’ என்ற பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே ஆளாகி, அந்த ஒருவர் இருதய அறுவையும் செய்வார், நெல்லும் பயிரிடுவார், பாலமும் கட்டுவார். 2012-இல் வந்த ஆர்கிட் என்ற பதினாறு இலக்க எண் இதற்குத்தான். அப்பா பெயர், ஊர்ப்பெயர் எதுவும் கேட்காமல் ஆளுக்கு ஓர் எண் தருகிறது.

நான் ஆர்கிட் எடுத்தது பணி ஓய்வுக்குப் பிறகு. அதற்கு முன் எழுதியவை கொஞ்சம்தான், நெய்வேலிச் சாம்பலைப் பற்றி. ஒரு தரவுத்தளத்தில் தேடிப் பார்த்தேன். நான் இரண்டு பேராக இருந்தேன். ஒருவர் என் பெயரில், இன்னொருவர் என் அப்பா பெயரில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், கட்டுரை எழுதியதில்லை. எனக்கு ஹெச்-இன்டெக்ஸ் மூன்று, அவருக்கு இரண்டு. இருவரையும் ஒருவராக்கச் சொல்லி விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். சேர்த்தால் ஐந்து வரும் என்று பேத்தி கணக்குப் போட்டாள். கட்டுரைகளை ஒரே வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். நான்காவதற்கு மேற்கோள் மூன்றுதான். மூன்றிலேயே நிற்கிறது.